லூயிஷாமில் எடுத்த படம்

லண்டன் லூயிஷாம் சந்தை ஓரத் தேநீர்க் கடையில் புலம்பிக்கொண்டிருக்கிறேன். விமான நிலையத்தில் என் கறுப்புத் தோலைப் பார்த்துத்தான் பெட்டியை இரண்டு தடவை திறக்கச் சொன்னார்கள். ஊரில் நிறபேதம் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவனுக்கே இப்படி! கடைக்கார யாழ்ப்பாணத்தார் பேச்சை மாற்றுகிறார்.

"அந்த ஜன்னல் மேசையில இருக்கிறவர் முந்தி தென்னாபிரிக்காவுக்கு ரக்பி விளையாடினவர், அண்ணை."

மேசையில் இருவர். ஆறடி வெள்ளைக்காரரின் தோளில் கைபோட்டு நின்றபடி, எதிரே இருக்கும் கறுப்புக் கிழவரிடம் கைப்பேசியை நீட்டுகிறேன். வெள்ளைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். கிழவர் கண்ணைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, பொறுமையாக மூன்று படம் எடுத்துத் தருகிறார்.

திரும்பி வந்தால் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஐயோ, படம் எடுத்தவர்தான் அவர்! கறுப்பர் வெள்ளையரோட ஒரு பூங்கா வாங்கில கூட ஒண்டா இருக்க ஏலாத காலத்தில, அவையின்ர டீமுக்குள்ள போன முதல் ஆள்."

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிறேன். கிழவர் சிரிக்கிறார்.

"முதல் ஆட்டத்தன்று மைதான வாசல் காவலாளியும் என்னைப் பை தூக்க வந்தவன் என்றுதான் நினைத்தான். ஆனால் அவன் வெள்ளைக்காரன்."