கப்பல் காசில் ஒரு கோடு

கேன்டீன் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குச் சில்லறை அக்கா என்று பெயர். மீதி கொடுக்கும்போது ஒவ்வொரு காசையும் முகம் பார்த்துத்தான் கொடுப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். வருடம் இரட்டையாக விழுந்தது, விளிம்பு நழுவியது என்று கோளாறான காசு கண்ணில் பட்டால், தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார்.

"ஊரெல்லாம் நல்லதா பாத்துப் பொறுக்குது, நீ குறையுள்ளதா பாத்துப் பொறுக்கற" என்பார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"அப்படித்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்."

அப்படிக் கிடைத்ததுதான் கப்பல் போட்ட காசு. பாய்மர உச்சியிலிருந்து விளிம்பு வரை முடியைவிட மெல்லிசாக ஒரு கோடு. கை லென்ஸில் பார்த்தால் மேடாகத் தெரிந்தது. மேடென்றால் அதிர்ஷ்டம். காசு அடிக்கிற அச்சில் விரிசல் விட்டு, உலோகம் அதற்குள் புகுந்து எழும்பியிருக்கிறது என்று பொருள். காசு சேர்ப்பவர்கள் தேடி அலைவது அந்த மாதிரிப் பிழையைத்தான். அதுவே பள்ளமென்றால் வெறும் கீறல், கடையில் மிட்டாய் வாங்கத்தான் ஆகும். அக்காவுக்கு வாயைக் கட்டத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் பாதி ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

ஊரில் ஒரு நாணயச் சங்கம் உண்டு. வருடாந்திரக் கண்காட்சியில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரின் நடுவில் ஒரே ஒரு காசின் படத்தைப் பெரிதாக மாட்டுவார்கள். பல வருடமாக அங்கே தொங்குவது செயலாளருடைய காசு. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் அந்தச் செயலாளர் வேறு யாருமில்லை, அக்காவின் சம்பந்தி. மகளை அவர் பையனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். வீட்டில் "வாங்க சம்பந்தியம்மா", சங்கத்தில் எலியும் பூனையும். இந்த வருடம் நடுச்சுவர் எனக்கு என்று அக்கா முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

படம் எடுக்க டிஜிட்டல் மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கினார். கம்ப்யூட்டரில் செருகினால் காசு திரையில் தாம்பாளம் மாதிரி வரும். லென்ஸைச் சுற்றியிருந்த குட்டி விளக்குகளைப் போட்டதும் காசு கண்ணாடியாகப் பளபளத்தது, கப்பலையே காணோம். அவற்றை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரின் வளையும் மேஜை விளக்கை எடுத்து, வெளிச்சம் உறுத்தாமலிருக்க அதன் வாயில் டிஷ்யூ தாளை ஒட்டினார். மேஜையின் மறுபக்கம் சுவரோடு ஒட்டியிருந்ததால் விளக்கைத் தன் பக்கமே வைத்தார். கப்பலின் ஒவ்வொரு கயிறும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டாம் முறை பார்க்காமல் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

சம்பந்தியின் பதில் குரலாகவே வந்தது. "சம்பந்தியம்மா, மனசுல வெச்சுக்காதீங்க. கோடு பள்ளமா இருக்கு. யாரோ ஊசியால கீறின காசு. இதைப் போய் நடுச்சுவர்ல மாட்டினா சிரிக்க மாட்டாங்களா?"

மாட்டாமலேயே சிரித்தார்கள். குழுவில் வருடக்கணக்காகத் தூங்கியவர்கள்கூட எழுந்துவந்து சிரிக்கும் பொம்மை போட்டார்கள்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பள்ளம்தான், ஏர் ஓட்டின மாதிரி. நகத்தால் தடவிப் பார்க்கவும் வழியில்லை. அவ்வளவு மெல்லிய கோடு கைக்குத் தட்டுப்படாது. போதாததற்குக் காசின் முகத்தைத் தொடுவது இந்தக் கூட்டத்தில் மகா பாவம்.

மகள் போன் செய்தாள். "அம்மா, மாமா சாப்பிடும்போதுகூட இதையே சொல்லிச் சிரிக்கிறார். பேசாம காசைத் திருப்பி எடுத்துக்கோ."

"நீ யார் கட்சி?"

"நான் இந்த வீட்டு சாப்பாட்டைச் சாப்பிடறேன்மா. என்னை எதுக்கு இழுக்கற?"

அன்று சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கும் தனக்கும் நடுவில் போனை வைத்தார். "நீங்களே சொல்லுங்க, இது பள்ளம்தானே?"

"மேடாத்தானே இருக்கு."

"ஆறுதல் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைத்தான் சொல்றேன். மேடு."

"கண்ணுல பூ விழுந்துடுச்சா உங்களுக்கு?"

"லிஃப்ட் கம்பியில ஒரு இழை பிரிஞ்சா கண்டுபிடிக்கிறவன் நான். நீ இங்க வந்து பாரு."

எச்சில் கையோடு மேஜையைச் சுற்றிப் போனார். மேடு. தன் இடத்துக்குத் திரும்பினார். பள்ளம். மறுபடி போனார். மேடு.

"என்ன, செக்குமாடு மாதிரி சுத்தற?" என்றார் அவர்.

அக்கா குனிந்து போனையே பார்த்தார். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் கப்பல் தலைகீழ். ஆனால் அசல் காசில் இருப்பதுபோலவே புடைத்து நின்றது. தன் பக்கத்திலிருந்து பார்த்தால் கப்பல் நேர். ஆனால் அதுவே குழிக்குள் கிடந்தது. கோட்டையே முறைத்துக்கொண்டிருந்ததில் அக்கா அதுவரை கப்பலைக் கவனிக்கவில்லை. தன் பக்கம் வைத்த விளக்கு, படத்தின் கீழ்ப்பக்கத்து வெளிச்சமாகிவிட்டிருந்தது. சூரியனும் பல்பும் தலைக்கு மேலே இருந்தே பழகிய கண்ணுக்கு, கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால் மேடு பள்ளமாகிவிடுகிறது.

"விளக்கைத் தப்பா வெச்சது நான், பேச்சு வாங்கினது காசு" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

மேஜையைச் சுவரிலிருந்து இழுத்து, விளக்கை மறுபக்கம் வைத்து, புதுப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்தார். குழுவில் மட்டும் மூச்சு விடவில்லை. இவ்வளவு நாள் வாயைக் கட்டியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

கண்காட்சி அன்று காலை, சம்பந்தி கையில் சுத்தியலும் வாயில் ஆணியுமாக ஏணியருகே நின்றார். அக்கா மைக்ராஸ்கோப்பை மண்டபத்து டிவியில் செருகி, காசை வைத்தார்.

"சம்பந்தி, இந்த விளக்கை நீங்களே பிடிங்க. நான் பிடிச்சா மாயம் பண்ணிட்டேம்பீங்க. முதல்ல கீழ்ப்பக்கம்."

ஆணியைத் துப்பிவிட்டுப் பிடித்தார். "பள்ளம். நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"கோடு கிடக்கட்டும். கப்பல் எப்படி இருக்கு?"

சம்பந்தி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். பின்வரிசையில் யாரோ, "கப்பலும் குழிக்குள்ளதான் கிடக்கு" என்றார்.

"காசுல கப்பல் குழியிலயா இருக்கு? இப்ப விளக்கை அப்படியே மேல்பக்கம் கொண்டுபோங்க."

விளக்கு மெதுவாக நகர்ந்தது. கப்பல் எழுந்தது. அதோடு கோடும் எழுந்தது, புறங்கை நரம்பு மாதிரி.

"ஊசியால பள்ளம் போடலாம். மேடு போட முடியுமா, சம்பந்தி?"

மண்டபம் கைதட்டியது. சம்பந்தி மட்டும் விளக்கைக் கீழே கொண்டுவந்தார், மேலே கொண்டுபோனார், திரும்பக் கீழே கொண்டுவந்தார். அவரும் காசுப் பைத்தியம்தானே. கடைசியில், "விரிசல்தான். அருமையான விரிசல்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அது ஒன்றுதான் அவரிடம் அக்காவுக்குப் பிடித்தது.

ஆணி அடிக்கும் உரிமையைச் செயலாளர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆகவே ஏணியில் ஏறி, கப்பல் காசை நடுச்சுவரில் அவரேதான் மாட்ட வேண்டியதாயிற்று. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணியைப் பிடித்தாள்.

"இடது பக்கம் ஒரு நூல் தூக்குங்க" என்றார் கீழே நின்ற அக்கா.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம். ம்... அதிகமாயிடுச்சு, இறக்குங்க."

முதல் தடவையே படம் நேராகத்தான் இருந்தது. அது ஏணியில் நின்றவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.