பினாங்குக்குப் போன கோப்பைகள்

பாய் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. விருத்தாசலத்தில் அவருடைய பீங்கான் பட்டறையில் பெட்டி கட்டும் வேலைக்கு நான்தான் பொறுப்பு. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். காலில் சக்கரம் கட்டிய மனுஷன் என்று நாங்கள் கேலி செய்வோம். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. தாத்தா காலத்தில் பினாங்குக்குக் கப்பலில் சரக்கு அனுப்பிய குடும்பம்.

அவர் மகள் கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். பர்மாத் தேக்குக் கதவுகள், வெயில் புகாத நீண்ட கூடங்கள், பினாங்கிலிருந்து வந்த பூப்போட்ட தட்டுகள். துறைமுகத்தில் மீன் படகுகள் மட்டும்தான் நின்றன. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு வழக்கம் மிச்சமிருந்தது. கடல் தாண்டிப் போகும் சரக்கில் ஒன்றை எடுத்து அலமாரியில் வைப்பார்கள். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை யாரும் அதைப் புழங்கமாட்டார்கள். இப்படியொரு ஊரில் பிறக்கவில்லையே என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

தாத்தாவோடு வியாபாரம் செய்த பினாங்குக் குடும்பத்துப் பேரன் ஒருவர் தேடிப்பிடித்து டீக்கோப்பை கேட்டபோது, பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. "வுட்டுப்போன ஒறவும்மா, பாத்துக் கட்டுங்க" என்று நாளுக்குப் பத்துத் தடவை வந்து நின்றார். சென்னையில் கப்பல் ஏற்றும் நாள் நெருங்கிவிட்டது. கோப்பைகளுக்கு இடையில் திணிக்கச் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த புது வைக்கோல் கையில் சில்லென்றிருந்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரம் நின்றால் கோப்பையின் மெருகு பூசாத அடிவிளிம்பில் கறை ஏறிவிடும். காயப்போட்டால் கப்பல் போய்விடும். வாயை மூடிக்கொண்டு கட்டி லாரியில் ஏற்றினேன்.

ஒன்றரை மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு பாய் பக்கத்தில் போய் நிற்பேன். கடைசியில் பினாங்கிலிருந்து அழைத்தார்கள். கோப்பை அத்தனையிலும் பழுப்புக் கறை. "யாரையும் சொல்லாதீங்க, தப்பு என்னுதுதாங்க" என்று பாய் சொன்னது என் காதில் விழுந்தது. அதன்பிறகு அந்தக் குடும்பம் எங்களைக் கூப்பிடவே இல்லை.

போன மாதம் பாய் பட்டறையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மகனோடு துபாய்க்குக் கிளம்பினார். இனியும் மறைக்க முடியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். "பாய், அன்னிக்கு வைக்கோலு ஈரமா இருந்துது. தெரிஞ்சேதான் கட்டுனேன்."

"எனக்கும் தெரியும்மா" என்றார். "காலைலயே கைய வச்சிப் பாத்துட்டேன். நிறுத்த மனசு வரல. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிறுத்திடலாம்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் நிறுத்தச் சொல்லமாட்டாரா என்றுதானே ஒவ்வொரு பெட்டிக்கும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.