வைஃபையில் பன்னிரண்டு பேர்

பன்னிரண்டு. சனிக்கிழமை காலை அவளுடைய வீட்டு வைஃபையில் இணைந்திருந்த கருவிகளின் எண்ணிக்கை அது. வீட்டில் இருப்பதோ எட்டுதான்: அவளுடைய கணினி, பிரிண்டர், டிவி, மகளின் லேப்டாப், நான்கு பேருக்கும் ஆளுக்கொரு செல்போன். விரல்விட்டு இரண்டு முறை எண்ணினாள். மீதி நான்கு யாருடையவை?

அவளுக்கு வயது நாற்பத்தாறு. டாக்டர்கள் குரலில் பதிவு செய்து அனுப்பும் நோயாளி அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது தொழில். பத்தொன்பது வருட அனுபவம். கடைசி ஆறு வருடம் வீட்டிலிருந்தே. மென்று முழுங்கிப் பேசும் டாக்டரின் ஒரு சொல்கூட அவள் காதுக்குத் தப்பாது. கேஸ் அடுப்பை மூடிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பாள். கூரியர்காரர் பெட்டியை நீட்டினால், அனுப்பியவர் பெயரைக் கேட்ட பிறகே கை நீட்டுவாள். மகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் செக்போஸ்ட்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அன்று காலை நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரு நோயாளியின் அறிக்கை வெளியே கசிந்துவிட்டது. அதைக் கையாண்ட மூன்று பேரில் அவளும் ஒருத்தி. கடிதம் கிடைத்த அன்று வீட்டு இணைப்பில் என்னென்ன கருவிகள் இருந்தன, ஒவ்வொன்றும் யாருடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை போகும்.

முதல் சந்தேகம் மகள் மேல்.

"உன் ஃப்ரெண்ட்ஸ் யாருக்காவது பாஸ்வேர்ட் குடுத்தியா?"

"ஆரம்பிச்சாச்சு. இந்தா ஃபோன், பாத்துக்கோ. அப்படியே கைரேகையும் எடுத்துக்கோம்மா."

அடுத்தது கணவர். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்ட யாரு பாஸ்வேர்ட் கேக்கப்போறாங்க? மணி என்னன்னுகூட யாரும் கேக்கிறதில்ல."

விசாரணையில் ஒன்றும் தேறாது என்று புரிந்தது. பொறி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்வேர்டை மாற்றி மகளுக்கு மட்டும் சொன்னாள். அன்று முழுக்க ஒரு அந்நியக் கருவியும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி மாற்றிக் கணவருக்கு மட்டும். அன்றும் சுத்தம். செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறை மாற்றினாள். பாக்கி இருந்தது மாமனார் ஒருவர்தான். செல்போனில் செய்தி கேட்பதைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் ரவுட்டர் காட்டும் பட்டியலில் அந்நியக் கருவி ஒன்று ஏறியது. சாயங்காலத்துக்குள் நான்கும் திரும்பிவிட்டன.

"மாமா, அந்தச் சீட்டை யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டாம எப்படிம்மா? பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு நீ வேற ஏதோ கோலம் போட்டு வச்சிருக்கே. நீ மாத்தும்போதெல்லாம் மாடியில குடியிருக்கிற பொண்ணுகிட்டதான் குடுப்பேன். அது டக்குன்னு போட்டுத் தரும்."

"என்கிட்ட கேக்கலாம்ல?"

"நீ காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பே. கூப்பிட்டா முறைப்பே."

பாதுகாப்புக்காக ஆறு வருடத்தில் அவள் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாளோ, அத்தனை முறையும் அது மாடிப்படி ஏறியிருக்கிறது.

ஆனால் மாடியில் இருப்பது ஒரு குடும்பம். நான்கு கருவியும் அவர்களுடையவைதானா? புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த நான்கையும் முடக்கிவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். நெட் போனவர்கள் தானாக வருவார்கள் என்பது அவள் கணக்கு.

ஏழு நிமிடத்தில் மாடிவீட்டுப் பெண் இறங்கி வந்தாள். "அக்கா, ஐயா இருக்காரா? புதுச் சீட்டு ஏதாவது வந்திருக்கா?"

"உன் வீட்டுல எத்தனை ஓடுது?"

"என் ஃபோனும் டிவியும்தான்க்கா. ஐயா ஃபோன்ல போடுறதுக்கு முன்னாடி சரியா வருதான்னு எங்க ஃபோன்ல போட்டுப் பாப்பேன். அப்படியே ஒட்டிக்கிச்சு." கொஞ்சம் தயங்கினாள். "எதிர்வீட்டு டெய்லர் பாட்டு கேக்கணும்னார். அவருக்கு மட்டும் சொன்னேன்."

டெய்லரும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். மூன்று ஆயிற்று.

"நீங்க வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"நான் எதுக்கும்மா குடுக்கப்போறேன்?" நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார். "கடைக்கு ஆயிரம் பேர் வர்றாங்க, போறாங்க. யாருன்னு சொல்றது?"

நான்காவது கருவிக்காக யாரும் வரவில்லை. இருட்டும்வரை கதவு திறந்தே கிடந்தது. வியாழக்கிழமையும் யாரும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்தும் வாய் திறக்காத அந்த ஆள் யார்?

ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தாள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருந்தவள், ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் பாஸ்வேர்டைத் தொட்டதே இல்லை. அது இன்னும் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள எண்தான்; அந்தக் கம்பெனி பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அதே எண். இணைப்புக்குள் வந்த எவரும் அந்தப் பெட்டியையே தன் இஷ்டத்துக்குத் திருப்பியிருக்கலாம். அதையும் மாற்றினாள்.

நிறுவனத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது கணவர் பின்னால் வந்து நின்றார்.

"எட்டுன்னு எழுது. இப்போ எட்டுதானே இருக்கு? பொய்யில்லையே."

"சனிக்கிழமை எத்தனைன்னு கேட்டிருக்காங்க."

"உன்னை நீயே மாட்டிவிடாதே. யாரு வந்து எண்ணப்போறாங்க?"

"வெளிய போன ரிப்போர்ட் நம்ம பொண்ணோடதா இருந்தா, எட்டுன்னு எழுதச் சொல்வீங்களா?"

அவர் போய் டிவி முன் உட்கார்ந்தார். அதைப் போடவில்லை.

பன்னிரண்டு என்று எழுதினாள். பதினொன்றுக்கு எதிரே ஆட்களைக் குறித்தாள். பன்னிரண்டாவதுக்கு எதிரே, 'யாருடையது என்று தெரியவில்லை. புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு முடக்கப்பட்டது' என்று எழுதினாள். ஸ்டிக்கர் விஷயத்தையும் மறைக்காமல் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிறுவனத்தின் ஆள் வந்து அவளுடைய கணினியையும் ரவுட்டரையும் பரிசோதனைக்கு எடுத்துப்போவார். முடிவு தெரியும்வரை அவளுக்கு வேலை அனுப்பப்படாது.