சேலையை மறந்த கால்

ஒரு குடும்பம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் அதில் மறதிக்காரர் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும். காணாமற்போன குடைக்கும் தீய்ந்துபோன பருப்புக்கும் பொறுப்பேற்க ஆளில்லாவிட்டால் மற்றவர்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்கள்? இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில், இந்த உயர்ந்த பதவியைப் பதினாறு வருஷமாக வகித்து வந்தவள் ஜீவராணி. போட்டியின்றித் தெரிவானவள். லயத்து வீடுகளில் அவளுக்கு 'மறதி ராணி' என்றே பெயர்.

அவள் புருஷன் கோகுலராஜ், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தலைவர்கள் எதையும் மறப்பதில்லை என்பது ஊரறிந்த உண்மை. அவருடைய மூக்குக்கண்ணாடி கோழிக்கூட்டின் மேல் கிடந்தால்கூட, "எங்க புள்ள வச்ச?" என்று அவளைத்தான் கேட்பார். "வச்சிருப்பேங்க" என்று சிரித்துக்கொண்டே அவளும் தேடப் போவாள். கொழுந்துக் கூடையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் வெறும் முதுகோடு நின்றவள் அவள். ஆயிரத்தை மறந்தவள், ஆயிரத்தோராவதை மட்டும் நான் மறக்கவில்லை என்று எந்த முகத்தோடு வாதாடுவாள்?

அவளுடைய மறதிகளிலேயே பெரியது மூன்று வருஷத்துக்கு முந்திய மாரியம்மன் திருவிழாவில் நடந்தது. அம்மனுக்குச் சாத்தும் சேலை தலைவர் வீட்டிலிருந்து வருவது வழக்கம். அந்த வருஷம் பூசாரி கையை நீட்டினார், சேலை இல்லை. தலைவர் பொண்டாட்டி பக்கம் திரும்பினார். "ஒங்கிட்டத்தானே குடுத்தேன்?" அவள் தலைக்குள் தேடிப் பார்த்தாள். உள்ளே வழக்கம்போல் சந்தை இரைச்சல். குடுத்திருப்பார், மறந்திருப்பேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆத்தா பழைய சேலையோடு தேர் ஏறினாள். பூசாரிக்கு அருள் வந்தது. "சேலைய மறந்த காலு, வார வருஷத்துல இருந்து மூணு வருஷம் தீ மிதிக்கணும்!"

இரண்டு வருஷம் மிதித்தாள். இரண்டு வருஷமும் கொப்புளம் கண்ட பாதங்களைக் கோகுலராஜ் தன் மடியில் தூக்கி வைத்து, தானே மருந்து தடவினார். "ஆத்தா மன்னிச்சிருவா புள்ள, அழாத" என்றார். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா கண்கலங்கிப் போனாள்.

இந்தச் சிறப்பான ஏற்பாட்டில் மண் அள்ளிப் போட்டது ஒரு டாக்டரம்மா.

மகள் தனுஷிகா வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் சொல்ல, ஜீவராணி அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பார்த்து முடிந்து வெளியே வந்தவள், குடைக்காக ஒருமுறை திரும்பிப் போனாள். கிளினிக் கொப்பிக்காக இன்னொரு முறை. கடைசியாக மகளுக்காகவே ஒருமுறை. யாழ்ப்பாணத்து டாக்டரம்மா பேனையை மூடி வைத்தார்.

"அம்மா, நீங்களும் ஒருக்கா இருங்கோ."

சில தடவை போய்வந்த பிறகு விஷயம் விளங்கியது. ஏடிஎச்டி என்ற கவனச்சிதறல் கோளாறு. மகளுக்கு இருப்பது அம்மாவுக்கும் இருந்தது.

"இந்த வயசுலயா வரும் டொக்டர்?"

"சின்னனிலேயே வந்திட்டுது அம்மா. ஒருத்தரும் கவனிக்கேல்லை."

முதல் மாத்திரையைப் போட்ட காலையில் வாய் உலர்ந்தது, நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, ரொட்டி இறங்கவில்லை. பிறகு மலையேறிக் கொழுந்தில் கை வைத்தபோது, தலைக்குள் ஓடிய பத்து ரேடியோவில் ஒன்பதை யாரோ அணைத்துவிட்டார்கள். ஒரு நிரையைத் தொடங்கி, அதே நிரையை முடித்தாள். கங்காணி அருகில் வந்து முகத்தைப் பார்த்தார். "என்ன ராணி, மேலுக்குச் சொகமில்லையா?"

ஒழுங்காக வேலை செய்தால் காய்ச்சல் என்று நினைக்கும் அளவுக்கு அவளுடைய புகழ் பரவியிருந்தது. அன்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது தனியே கொஞ்சம் அழுதாள். மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறதா?

ஆனால் வீட்டில் மட்டும் மறதி குறைந்தபாடில்லை. சங்கத்துச் சாவியைக் காணோம், தலைவரின் டோர்ச் லைட்டைக் காணோம். "மாத்திரை போட்டும் திருந்தலையே!" என்று தலைவர் கவலைப்பட்டார். ஜீவராணி டாக்டரம்மாவிடம் போய், பெரிய மாத்திரையாகத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"மறந்தது உங்களுக்கே தெரியுதோ, இல்லாட்டி ஆரும் சொல்லித்தான் தெரியுதோ?" என்று கேட்டார் அவர்.

மாத்திரை கூடவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினாள். வரும் வழியெல்லாம் யோசித்தாள். சொன்னவர் எல்லாத் தடவையும் ஒரே ஆள்தான். ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. தன் காலை மடியில் வைத்த மனுஷனைச் சந்தேகப்படுவதா?

இந்த வருஷத் திருவிழா வந்தது. மூன்றாவது தீமிதிப்பு. இருவரும் காப்புக் கட்டியிருந்தார்கள். அவள் அருள்வாக்குக்காக, அவர் தலைவர் என்பதற்காக. காலையில் பூண்டுலோயா கடைவீதியில் மஞ்சள் பையில் அம்மன் சேலையை வாங்கினார்கள். அவள் பூ வாங்கப் போனாள். அவர் பையும் கையுமாகச் சலூனுக்குள் நுழைந்தார். காப்புக் கட்டியவருக்குச் சவரம் ஆகாது என்பதெல்லாம் தலைவர்களுக்கு இல்லை. பவுடர் மணக்க வந்து ஆட்டோவில் ஏறினார். பூக்கூடைகளுக்கு அடியில் பை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கோயிலில் பூசாரி கையை நீட்டினார். தலைவர் பொண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"ராணி, சேல எங்க?"

இந்த முறை தலைக்குள் இரைச்சல் இல்லை. மஞ்சள் பை, அவருடைய கை, சலூன் கதவு. படம் போலத் தெரிந்தது.

"நீங்கதாங்க சலூனுக்குள்ள கொண்டு போனீங்க."

"பாத்தீங்களா சாமி! டொக்டரு, மருந்துன்னு அலைஞ்சதுதான் மிச்சம்." கூட்டம் சிரித்தது. கோயில் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி அவள் கடைவீதிக்குப் போனாள்.

சலூன்காரர் அழகுமுத்து கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சேலைக்கா வந்தீங்க? இந்தா, திருவிழாவுக்கு வரும்போது நானே கொண்டாரலாம்னு இருந்தேன். தலைவருக்கு இதே பொழப்பாப் போச்சுக்கா."

"இதே பொழப்பா?"

"மூணு வருசத்துக்கு முன்னயும் இதே ஆணியிலதானே மாட்டிட்டுப் போனாரு. மறுநா வந்தாரு, நாந்தானே கையில குடுத்தேன். சொல்லலையா?"

ஜீவராணி சலூன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அது என்ன கலருங்க?"

"நீலம். மாங்கா போட்ட கரை."

அந்த வருஷத் தீபாவளிக்குத் தலைவரின் தங்கச்சி அன்னம்மா கட்டியிருந்த சேலை அது. "அண்ணன் எடுத்துத் தந்துச்சு" என்றாள். "இத எங்கயோ பாத்தாப்ல இருக்கே" என்று ஜீவராணி சொன்னதும், "ஒனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?" என்றார் கோகுலராஜ். வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

சேலை போனது போகட்டும். தீ சுட்டதையும் பொறுத்துக்கொள்ளலாம். மருந்து தடவிய அந்த விரல்களுக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. மாத்திரையை விழுங்குவது அதைவிட எத்தனையோ சுலபம்.

அழகுமுத்துவும் அதே ஆட்டோவில் வந்தார். தீக்குழி சிவந்து கிடந்தது. பூசாரி மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் சேலையை அவர் கையில் கொடுத்தாள்.

"சாமி, சேலைய மறந்த காலுதான் தீ மிதிக்கணும்னு சொன்னீங்க. அது என் காலு இல்ல. தலைவரு காலு."

"மாத்திரை ஏறிப்போச்சு, ஒளறுறா!" என்றார் தலைவர். நேற்றுவரை அவளுடைய மறதிக்கு மருந்து போதவில்லை. இன்றைக்கு அவளுடைய ஞாபகத்துக்கு மருந்துதான் காரணம்.

"ஒளறல சாமி. அன்னைக்கும் இன்னைக்கும் என் கடையிலதான் விட்டுட்டுப் போனாரு" என்றார் அழகுமுத்து. தப்பு மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

பூசாரி தர்மசங்கடத்தில் நெளிந்தார். தலைவரைப் பகைத்தால் கோயில் போகும். அருள்வாக்கை மாற்றினால் அருளே போகும். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து அவருக்குச் சாமி வந்துவிட்டது. சாமி தலைவரின் கையைப் பிடித்துத் தீக்குழிப் பக்கம் இழுத்தது.

தலைவர் தீ மிதித்தார். மிதித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விரட்டப்பட்ட சேவல் போலத் தாண்டி ஓடினார்.

பொழுது சாயும் வேளையில் காம்பராவில் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். வெகுநேரம் முனகினார்.

"அந்த மாத்திரையக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டேன் புள்ள. முந்தியெல்லாம் எவ்வளவு கலகலன்னு இருப்ப." பிறகு பாதத்தை ஊதிக்கொண்டே கேட்டார். "ஒனக்குத் தடவுற மருந்து எங்க வச்ச?"

சாமிப்படத்துக்குப் பின்னால், பச்சை மூடி போட்ட டப்பா. அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மறந்துட்டேங்க" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.