துடுப்பில் காதை வைத்தால்

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. இன்று பாடியில் என் தையல் கூடத்தில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். சம்பளம் கொடுப்பது நான். சின்ன வயதிலேயே நான் அப்படித்தான். கல்லூரி வாத்தியாரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து நண்டு எண்ணியவள்.

விடுமுறை விட்டால் அம்பத்தூரிலிருந்து என்னை எண்ணூர்ப் பக்கம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாமா அம்மாவின் தம்பி. ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர். மாதம் ஒருமுறை அந்த வாத்தியார் வந்து அவர் படகில் ஏறுவார். அதே இடம், அதே வலை. வருவதையெல்லாம் இனம் பிரித்து எண்ணிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். பல வருடமாக இதே வேலை.

"புடிச்சத உட்டுட்டுப் போற ஆளுக்கு எதுக்குய்யா வலை?" என்று அத்தை கிண்டல் செய்வாள்.

வலை போடுமுன் மாமா துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைப்பார். அடியில் ஒருவகைச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் கேட்கும். ராத்திரி பகல் ஓயாது. "அல்லாரும் ஊட்ல கீறாங்க" என்று சிரித்துவிட்டுத்தான் வலையை எடுப்பார்.

வாத்தியார் வந்த ஒரு நாள் காலையில் காற்று இல்லை. கொக்கு ஒன்றுகூட இல்லை. கரை நெடுக நண்டுகள் தண்ணீரை விட்டு ஏறி, நிலத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. கிட்டே போனேன். ஓடவில்லை. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. சத்தமே இல்லை.

மாமா துடுப்பில் காதை வைத்தார். சிரிக்கவில்லை. வலையை இழுத்தபோது படகு சாய்ந்தது, அவ்வளவு பாரம். நான் சந்தோஷத்தில் குதித்தேன்.

"இவ்ளோ என்னிக்குமே வந்ததில்ல சார். அல்லாம் என் ராசி."

வாத்தியார் ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்து, ஏதோ மருந்து விட்டு, வெகுநேரம் பார்த்தார். "அடியில மூச்சு விட முடியல. அதான் எல்லாம் மேல வந்திருக்கு" என்றார் மெல்ல. எனக்கு எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே என்ற கவலை.

கரையில் அத்தை கூடை நிறைய நண்டு பொறுக்கியிருந்தாள்.

"கொட்டிரு. ஒண்ணுகூட அடுப்புல ஏறக் கூடாது" என்றார் மாமா.

"தானா வந்தத உடச் சொல்றியே, வாத்தியார் வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

மாமா என்னைப் படகு விளிம்பில் உட்கார வைத்தார். துடுப்பை மறுபடி இறக்கி, நுனியை என் காதில் வைத்தார்.

"கேக்குதா பாப்பா?"

"இல்ல மாமா."

என் தலையைத் திருப்பி அடுத்த காதில் வைத்தார். "இப்போ? லேசாக்கூட?"

என் காதைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா?

"என் காது நல்லாத்தான் கீது மாமா. ஊசி உழுந்தாக்கூடக் கேக்கும். அடியில ஒண்ணுமே இல்ல."

அவர் துடுப்பைப் பிடித்தபடியே நின்றார். கேட்கிறது என்று நான் சொல்லியிருந்தால், கெட்டது தன் காதுதான் என்று மாமா நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அது எனக்குத் தெரியவில்லை. மறுபடி சோதிக்கட்டும் என்று காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.