நூத்திப் பதினஞ்சாம் நம்பர் ஜெட்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமா பள்ளிக்கூட வேன் ஓட்டுறார். வேன்ல இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது. இதை அவர் வாயால கேட்காத ஆளும் எங்க தெருவுல கிடையாது. சொந்தமா ஒரு பழைய காரும் வச்சிருக்கார். அதுலயும் கீறல் இல்லை. பின்ன, மூணு வருஷமா ஷெட்டை விட்டு நகர்ந்தாத்தானே கீறல் விழறதுக்கு!

கார்புரேட்டருக்குள்ள ஜெட்னு ஒண்ணு இருக்காம். பித்தளையில, சட்டைப் பொத்தானை விடச் சின்னதா, நடுவுல ஓட்டையோட இருக்கும். பெட்ரோல் அது வழியாத்தான் அளவா வரணும். ஒருநாள் அது அடைச்சுக்கிச்சுன்னு, ஐயா என் தையல் மிஷின்ல இருந்து ஊசியை உருவிக் குத்து குத்துன்னு குத்தினார். அடைப்பு போச்சு. கூடவே ஓட்டை பெருசாகி அளவும் போச்சு. அதுல இருந்து சாவியைத் திருப்பினா நாலு இருமல், தெரு முழுக்கக் கரும்புகை, அவ்வளவுதான்.

வேற ஜெட் வாங்கி மாட்ட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். அந்தக் காரைச் செஞ்ச கம்பெனியையே மூடியாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா பழைய சாமான் கடை ஒவ்வொண்ணா ஏறி இறங்குவார். தலையில நூத்திப் பதினஞ்சுன்னு நம்பர் அடிச்ச ஜெட் வேணும். அந்த நம்பரோ எறும்பு சைஸ். கடைக்காரர் பாவம், "அண்ணே, நான் பார்த்து எடுத்துத் தரட்டுமா?"ன்னு கேட்பார். "இருபத்தாறு வருஷமா வண்டியோட கிடக்கிறவன் நான். எனக்கு நீ எடுத்துத் தர்றியா?" அப்படின்னு முறைச்சுட்டு, டப்பாவுல கிடக்கிறதைக் கைப்பிடியா அள்ளிக்கிட்டு வந்துடுவார்.

வீட்டுல ஜன்னலோரம் பெரிய வைர வியாபாரி மாதிரி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா பார்ப்பார். நூத்திப் பதினஞ்சுன்னு அவர் தீர்ப்பு சொன்னது காருக்குள்ள போகும். மத்ததெல்லாம் தகர டப்பாவுக்குள்ள போகும். காருக்குள்ள போனதும் இருமும், புகையும். "நம்பரை மாத்தி அடிச்சு விக்கிறானுங்க, திருட்டுப் பசங்க"ன்னு ஊரையே திட்டுவார். தப்பு அவர் மேல மட்டும் இருக்கவே இருக்காது!

இந்தக் கூத்தை நான் இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் வேடிக்கை பார்த்திருப்பேன். ஆனா என் தையல் கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப்போறாங்க. மாசக் கடைசிக்குள்ள ரெண்டு மிஷினையும் எடுத்தாகணும். ஷெட்டை விட்டா எனக்கு வேற இடம் ஏது?

"இந்தாங்க, முப்பதாம் தேதிக்குள்ள உங்க கார் ஓடி வெளிய வரணும். இல்லைன்னா மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துட்டுப் போவார்"னு சொல்லிட்டேன்.

"பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து இதுலதானடி கூட்டிட்டு வந்தோம்"னார். எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா மிஷினைக் கொண்டுபோய் நான் என்ன, மொட்டை மாடியிலயா போடுறது?

முப்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை. கடைசிச் சுத்து சுத்திட்டு மத்தியானம் வெறுங்கையோட வந்தார். "இரும்புக்காரரை வரச் சொல்லிடு"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். முகத்தைப் பார்க்கச் சகிக்கலை.

நான் ஷெட்டை ஒழிக்கப் போனேன். அந்தத் தகர டப்பா கைக்கு வந்துச்சு. அப்படி என்னதான் வேண்டாம்னு தள்ளியிருக்கார்னு பார்க்க, வீட்டுக்குள்ள கொண்டுவந்து மேஜையில கொட்டினேன். தையல் பிரிக்க வச்சிருக்கிற பூதக்கண்ணாடியில பார்த்தா, ரெண்டாவது ஜெட்டுலயே நூத்திப் பதினஞ்சு! தேடத் தேட மொத்தம் அஞ்சு கிடைச்சுது.

வசமா மாட்டினார்னு இருந்துச்சு எனக்கு. மூணு வருஷத்துக்கும் சேர்த்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு அவரைக் கூப்பிட்டேன்.

"இதைப் படிங்க."

வெளிச்சத்துல பிடிச்சார். எப்பவும் போல இடது கண்ணை மூடினார். "நூத்தி எழுபத்தஞ்சு. அதான் தூக்கிப் போட்டேன்."

"இது?"

"இதுவும் அதேதான்."

கேக்க வச்சிருந்த நாலு கேள்வியையும் விட்டுட்டேன். பூதக்கண்ணாடியைக் குடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சின்ன எழுத்துதான் கொஞ்சம் மங்கல். ரோடெல்லாம் நல்லாத்தான் தெரியுது"ன்னார்.

நான் எந்திரிச்சுப் போய் அவரோட வலது கண்ணைக் கையால பொத்தினேன். "சுவத்துக் கடிகாரத்துல மணி என்ன?"

கழுத்தை அங்கயும் இங்கயும் திருப்பிட்டு, "கடிகாரம் எந்தப் பக்கம் இருக்கு?"ன்னு கேட்டார்.

கையை எடுத்துட்டுக் கேட்டேன். "வேன்ல எத்தனை பிள்ளைங்க வர்றாங்க?"

"முப்பத்திரண்டு."

அவரே, "ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டுக் குடு"ன்னார். போட்டுக் குடுத்தேன். "சார், நாளையில இருந்து வேனுக்கு வேற ஆள் பாருங்க. ஆமா சார், நாளையில இருந்தே"ன்னு சொல்லி வச்சார்.

அப்புறம் ஜெட்டை எடுத்துட்டுப் போய், விரலால தடவித் தடவியே மாட்டினார். ஒரே திருப்புல வண்டி ஸ்டார்ட் ஆச்சு. இருமலும் இல்லை, புகையும் இல்லை. நான் சொன்ன தேதி தப்பலை. எஞ்சினை ஓடவிட்டுட்டு இறங்கி வந்து, ஷெட்டுல இருந்து வெளிய எடுன்னு எனக்கு டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.