சித்தி கடித்த அயனி இலை

என் வாய்க்கு அந்த வயதில் கதவே கிடையாது. ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதை நடந்தே இருக்காது.

அந்த ஓணத்துக்கு எனக்கு எட்டு வயது. பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே, எங்கள் தெருக்கோடியில் நின்ற அயனி என்ற காட்டுப்பலா மரத்தில், திருவோணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே ஊஞ்சல் கட்டிவிடுவார்கள். கயிறும் உருண்டையான ஒரு கம்பும், அவ்வளவுதான். கம்பின்மேல் ஏறி நின்று, முழங்காலை மடக்கி மடக்கி உந்தி, எதிரே தொங்கும் கொப்பிலிருந்து ஓர் இலையைப் பல்லால் கடித்து வர வேண்டும். கையால் பறித்தால் செல்லாது. கல்யாணத்துக்கு முன்னால் என் சித்தி வருஷம் தவறாமல் கடித்து வந்தவள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுடைய வலதுகால் வீங்கத் தொடங்கியது. மாதம் ஒருமுறை தொடையிடுக்கில் நெறி கட்டும், பல் கிட்டும் குளிர்காய்ச்சல் வரும், மூன்று நாள் நிற்கும், போகும்போது காலில் கொஞ்சம் கனத்தை வைத்துவிட்டுப் போகும். யானைக்கால். எங்கள் பக்கத்தில் மந்து என்பார்கள். தைலம், கஷாயம், நேர்ச்சை எல்லாம் ஆயிற்று. சித்தப்பா அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டு, அழைத்துப்போக வருவதாகச் சொல்லிப் போனார். சொல்வதில் அவர் குறை வைத்ததே இல்லை. மூன்று ஓணம் கழிந்தது. சித்தி அடுக்களையைத் தாண்டவில்லை. யாராவது உள்ளே வந்தால் பலகையில் உட்கார்ந்து சேலைக்குள் காலை இழுத்துக்கொள்வாள், அடைகோழி முட்டையை இழுத்துக்கொள்வதுபோல.

அந்த வருஷம் ஊஞ்சல் கட்டிய மறுநாள், ஊர் உண்டு உறங்கும் மத்தியானத்தில், என்னைக் கிள்ளி எழுப்பி மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். யாராவது வந்தால் இருமச் சொன்னாள். முதல் நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றாள். இரண்டாம் நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஏறி நின்றபோது, வீங்கிய பாதம் கம்பில் ஊன்றாமல் வழுக்க, மண்ணில் விழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முழங்கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தான் உட்காரும் பலகையைக் கக்கத்தில் இடுக்கி வந்தாள். கம்பின்மேல் பலகையைக் கட்டினோம், ஆடி முடித்ததும் அவிழ்த்தோம். நாளுக்கு ஒரு முழம் ஏறினாள். வெயிலும் நிழலும் அவள்மேல் மாறி மாறி விழுந்தன. ஒன்பதாம் நாள் இலைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தது.

திருவோணத்தன்று சாயங்காலம் தெருவே மரத்தடியில் கூடியது. ஆள் மாற்றி ஆள் ஆடியும் ஒருவருக்கும் இலை எட்டவில்லை. இனி அது குரங்குக்குத்தான் என்றாள் பக்கத்து வீட்டு மைனி. எங்கள் சித்தி கடிப்பாள் என்று நான் கத்திவிட்டேன்.



"அதுக்குக் கயிறு யாரு தருவா மக்கா? தேர்வடம்லா வேணும்" என்றாள் மைனி. மரத்தடி முழுக்கச் சிரித்தது.

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். வீட்டுக்குப் பெரியவர் மாமா, அம்மாவின் அண்ணன். நல்ல நாளும் அதுவுமாகக் குடும்ப மானம் ஊஞ்சலாட வேண்டாம் என்று வாசலை மறித்து நின்றார். சித்தி பலகையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"விழுந்தா என்னட்டி செய்வ?"

"அதெல்லாம் விழுந்து பாத்தாச்சு, அண்ணே."

மாமா வழிவிட்டார். விட்டாரா, அவள் வந்த வேகத்தில் விலகினாரா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

மரத்தடியில் கம்பின்மேல் பலகையைக் கட்டினேன். சித்தி சேலையை முழங்காலுக்குமேல் வரிந்து செருகினாள். மூன்று வருஷமாக யாரும் பார்க்காத காலைத் தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டு ஏறினாள். உந்தினாள். கயிறு முனகிற்று, கொப்பு குனிந்து நிமிர்ந்தது, வானம் அவளிடம் வந்து வந்து திரும்பிப் போயிற்று. ஒரு வீச்சில் இலை கன்னத்தில் உரசித் தப்பியது. அடுத்ததிலும் தப்பியது. அதற்கடுத்த வீச்சில் கழுத்தை நீட்டி ஒரு கடி. கீழே வந்தபோது வாயில் பச்சை இலை, உதட்டில் அயனிப் பால்.

மைனி மெல்ல நெருங்கி, காரியமெல்லாம் பலகையில்தான் இருக்கிறது என்றும், தனக்கும் கொஞ்சம் தர வேண்டும் என்றும் கேட்டாள்.

சித்தி இலையைத் துப்பினாள். "பலகைய நான் தாறேன். கால யாரு தருவா?"

மறுபடியும் மரத்தடி சிரித்தது. முதலில் சிரித்தவள் சித்தி. அப்புறம் மைனி.

ஜெயித்தவர்களுக்கு நோய் போய்விடும் என்பது என் எண்ணம். விடிந்ததும் கால் சூம்பியிருக்கிறதா என்று பார்க்க ஓடினேன். சித்தி கம்பளிக்குள் கிடந்து நடுங்கினாள். கால் சிவந்து, நேற்றைவிடப் பருத்திருந்தது. எல்லாம் வீணாகிவிட்டது என்று தேம்பினேன்.

"ஊஞ்சல அவுத்துட்டானுவளா?" பல் கிட்டக் கிட்டக் கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அவுக்காண்டாம்னு போய்ச் சொல்லு. மூணு நாளில வந்துருவேன்."

காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றுகிறாள் என்று நினைத்து, ஈரத்துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் இன்னொரு தரம் போட்டேன்.